அந்த ஜன்னலைச் சாத்துங்கள்

பள்ளிக்கூட கேட் பூட்டியிருந்தது. மாடி ஜன்னலின் கம்பிகளுக்கு நடுவே ஒரு சின்னக் கை மட்டும் வெளியே நீண்டிருந்தது.

முப்பிடாதிக்கு அந்தக் கையைத் தெரியும். மணிக்கட்டில் இருந்த கறுப்புக் கயிறு அவள் கட்டிவிட்டது.

அன்று மத்தியானம் மட்டாஞ்சேரியில் பேய்மழை. பஜார் ரோட்டில் தண்ணீர் ஏறுகிறது என்று பள்ளியைச் சீக்கிரமே விட்டுவிட்டார்கள். சுக்குக் குடோனில் தரம் பிரித்துப் பொறுக்கும் வேலையில் இருந்த முப்பிடாதி, சாயா குடிக்க எழுந்தபோதுதான் போனில் செய்தியைப் பார்த்தாள். மகள் மகா நான்காம் வகுப்பு. தெரு திரும்பினால் வீடு, தானாகவே வந்திருப்பாள் என்று நினைத்து வீட்டுக்குப் போனாள். அங்கே இல்லை. பக்கத்து வீட்டு ஷபானாவிடமும் இல்லை. அதன் பிறகுதான் இந்த ஓட்டம்.

வாட்ச்மேன் சஜி சாவிக்கொத்தைத் துழாவிக்கொண்டே, "எல்லாரும் போயல்லோ சேச்சி. மைக்கில சொல்லிட்டுத்தானே பூட்டினேன்" என்று முனகினான்.

மாடிக் கதவு திறந்ததும் மகா வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கதவைத் தட்டித் தட்டி உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன. விக்கல் நிற்கவில்லை.

'பயப்படாதட்டி, அம்மா வந்துட்டேன்லா' என்பதுதான் முப்பிடாதியின் நெஞ்சிலிருந்து கிளம்பியது. அதை நாக்கு நுனியிலேயே பிடித்து நிறுத்தினாள்.

"பேடிக்கண்டா மோளே" என்றாள். அதையே மலையாளத்தில்.

மகா விக்கலோடு தலையைத் தூக்கி, யாரோ ஒரு பெண்ணைப் பார்ப்பதுபோல அம்மாவைப் பார்த்தாள்.

வீட்டில் தமிழ் பேசக் கூடாது என்பது பள்ளிக்கூடம் போட்ட சட்டம். ஜூன் மாதம் தலைமையாசிரியை கமலாக்ஷி டீச்சர் அம்மா, அப்பா இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். மகா எதைக் கேட்டாலும் "ஆங்?" என்கிறாள். இரண்டு வேலை சேர்த்துச் சொன்னால் ஒன்றுதான் செய்கிறாள். படிக்கும்போது எழுத்துகளைத் தாண்டித் தாண்டி ஓடுகிறாள். கேட்டெழுதச் சொன்னால் பேந்தப் பேந்த விழிக்கிறாள். காரணம் என்ன? வீட்டில் ஒரு பாஷை, ஸ்கூலில் ஒரு பாஷை. குட்டிக்குக் குழப்பம். இன்றோடு வீட்டில் தமிழை நிறுத்துங்கள், சரியாகிவிடும்.

முப்பிடாதியின் கணவன் இசக்கிராஜா அதை அப்படியே பிடித்துக்கொண்டான். கொச்சிக்கு வந்து காலூன்றியவன், மகளாவது மலையாளிப் பிள்ளைகளுக்குச் சமமாக நிற்க வேண்டும் என்ற வெறி அவனுக்கு. ஆனால் அவன் போர்ட் கொச்சியில் ஒரு சின்ன ஹோட்டலில் பொறோட்டா மாஸ்டர். அவனுடைய மலையாளத்தில் பாதி மெனு.

"மோளே, எந்தா வேண்டே? அப்பம் உண்டு, முட்டைக்கறி உண்டு..." என்று ஆரம்பிப்பான். பெற்ற மகளிடம் பேசினாலும் கஸ்டமரிடம் பேசுவதுபோல இருக்கும். அதற்கு மேல் சொல் கிடைக்காமல் தலையைத் தடவிவிட்டுப் போய்விடுவான்.

முப்பிடாதியிடம் இருந்தது குடோன் மலையாளம். மூட்டைக்கும் கூலிக்கும் போதும். ஒரு பிள்ளையைக் கொஞ்சப் போதாது. தலை பின்னும்போது சொல்லும் கதைகள் நின்றன. கேலி நின்றது. திட்டுகூட நின்றுபோனது. வா, சாப்பிடு, உறங்கு. இந்த மூன்றைத் தவிர அம்மாவும் மகளும் பேசிக்கொள்ள வீட்டில் எதுவும் இல்லாமல் போயிற்று.

மறுநாள் கமலாக்ஷி டீச்சரின் அறை. பக்கத்தில் வகுப்பாசிரியை விஜி, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"எல்லா குட்டிகளும் கேட்டுச்சு, பேக் எடுத்துச்சு, வரிசையா போச்சு. உங்க குட்டி மட்டும் படம் வரைஞ்சிட்டு இருந்திருக்கு. இது அனுசரணைக்கேடு, கேட்டோ?" என்றார் கமலாக்ஷி டீச்சர்.

சொன்ன பேச்சு கேளாமை என்று அர்த்தம்.

"செவி கேக்குமா?" என்றார் டீச்சர்.

"கேக்கும் டீச்சரே. அடுத்த ரூம்ல முறுக்கு டப்பாவைத் திறந்தா ஓடி வருவா."

"அப்போ பிடிவாதம்தான்." டீச்சர் பேனாவை மூடினார். "டாக்டர்கிட்ட காட்டி எழுதி வாங்கிட்டு வரணும். செவிக் கோளாறுன்னா அந்த மாதிரிக் குட்டிகளுக்கு வேற ஸ்கூல் உண்டு. இல்லைன்னாலும் மார்ச்சில டி.சி. வாங்கிக்கிறதுதான் நல்லது. எங்களால முடியல."

குழந்தையை உள்ளே வைத்துப் பூட்டியவர்கள், பூட்டப்பட்ட குழந்தையின் மேல் குற்றப்பத்திரிகை வாசித்தார்கள். கதவைப் பூட்டும் முன்பு உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்க்காதவனுக்கு ஒரு வார்த்தை இல்லை. பிள்ளைகளை இறக்கிவிட்டு எண்ணிப் பார்க்காத டீச்சருக்கும் இல்லை.

'பூட்டினது சின்ன விஷயம், உள்ள இருந்தது பெரிய குத்தமா?' முப்பிடாதிக்குத் தொண்டை வரை வந்தது. அதை மலையாளத்தில் எப்படிச் சொல்வது என்று தேடினாள். கிடைக்கவில்லை. அவளிடம் கோபத்துக்கு மலையாளம் இல்லை.

"சரி டீச்சரே" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள். படியிறங்கும்போது மூன்றாம் வகுப்புப் பொடியன் ஒருவன் கூட வந்த மகாவைப் பார்த்து, "பொட்டீ!" என்று கத்திவிட்டு ஓடினான். செவிடிக்கும் முட்டாளுக்கும் அங்கே அது ஒரே சொல்.

சாயங்காலம் ஷபானா முருங்கைக்கீரையோடு வந்தாள். அவளுக்குப் பூர்வீகம் கடையநல்லூர்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. உங்க பிள்ளை தினமும் ஸ்கூல் விட்டு எங்க வீட்டுக்கு வருதே, எதுக்குன்னு தெரியுமா?"

"டி.வி. பாக்கன்னு நெனச்சேன்."

"டி.வி.யை அணைக்கச் சொல்லும். அப்புறம் என் முன்னால உக்காந்து தமிழ்ல பேசும். பேச்சுன்னா உங்க வீட்டுப் பேச்சு எங்க வீட்டுப் பேச்சு இல்ல. வாய் மூடாது. போகும்போது, அம்மாகிட்ட சொல்லிராதீங்கன்னு சத்தியம் வாங்கிட்டுப் போகும்."

முப்பிடாதி கீரையை ஆய்வதுபோலக் குனிந்துகொண்டாள். தன் பிள்ளை தன் மொழியைத் திருட்டுத்தனமாக அடுத்த வீட்டில் போய்ப் பேசுகிறது. பத்து மாதம் சுமந்தவளுக்கு இதைவிட என்ன செருப்படி வேண்டும்?

அந்த வாரமே மகாவை அழைத்துக்கொண்டு படகேறி எர்ணாகுளம் போனாள். ஆஸ்பத்திரியில் செவித்திறன் பரிசோதனை செய்கிறவர் பெயர் அனில். மகாவைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, வெகு நேரம் சோதித்தார். முதலில் அமைதியில் சொற்களைக் கேட்க வைத்தார். மகா ஒன்றுவிடாமல் திருப்பிச் சொன்னாள். பிறகு அதே சொற்களோடு கூட்டத்தின் இரைச்சலைக் கலந்து விட்டார். மகா கண்ணாடி வழியாக அம்மாவைப் பார்த்தாள். உதடு துடித்தது. ஒன்றும் வரவில்லை.

"காது நல்லா இருக்கு" என்றார் அனில். அவர் கோயம்புத்தூரில் வேலை பார்த்தவர், தமிழ் வரும். "காது வாங்கின சத்தத்தை மூளை பிரிக்கணும் இல்லையா, அங்கதான் சிக்கல். நமக்கு இரைச்சலுக்கு நடுவுல டீச்சர் குரல் தனியாத் தெரியும். இவளுக்கு ஃபேன், லாரி, பக்கத்துப் பிள்ளை, டீச்சர், எல்லாம் ஒரே குழம்பு. மைக் சத்தம் இன்னும் மோசம். படிக்கத் திணறுறதும் இதோட சேர்ந்ததுதான். அதுக்குத் தனியா பயிற்சி கொடுக்கணும். பிடிவாதமும் இல்ல, மந்தமும் இல்ல."

முப்பிடாதி மூச்சு விட்டாள்.

"வீட்டில என்ன பாஷை?"

"மலையாளம் மட்டும்தான் சாரே" என்றாள் பெருமையாக. "ஸ்கூல்ல சொன்ன அன்னைக்கே தமிழை விட்டுட்டோம்."

அனில் எழுதுவதை நிறுத்தினார். "உங்களுக்கு மலையாளம் நல்லா வருமா?"

"ஏதோ வரும்."

"உங்க வீட்டுக்காரருக்கு?"

"அவருக்குப் பொறோட்டா அளவுக்கு வரும்."

அவர் சிரிக்கவில்லை. "யாரும்மா இதைச் சொன்னது? ரெண்டு பாஷையால இந்தக் கோளாறு வராது. பேச்சைப் பிடிக்கவே கஷ்டப்படுற பிள்ளை இது. அதுக்கு ரொம்பப் பழகின குரல், ரொம்பப் பழகின பேச்சு, முகத்துக்கு நேரா, கிட்டத்துல. அதுதான் அவளுக்குக் கைப்பிடி. அதைப் போய் புடுங்கி எறிஞ்சிருக்கீங்க."

 முப்பிடாதி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

வகுப்பில் என்ன செய்ய வேண்டும் என்று எழுதித் தந்தார். முதல் பெஞ்ச். தெருப்பக்க ஜன்னல் சாத்தியிருக்க வேண்டும். முகம் பார்த்து, ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். முக்கியமானதைப் போர்டில் எழுத வேண்டும். "இதுக்குக் காசு பணம் எதுவும் வேண்டாம். இன்னொன்னு, எட்டாம் வகுப்பு முடியிற வரைக்கும் ஒரு பிள்ளையை ஸ்கூலை விட்டு விரட்ட முடியாது. சட்டம் இருக்கு. நீங்களா டி.சி. கேட்டாத்தான் உண்டு. கேக்காதீங்க."

படகுத்துறையில் அடுத்த படகு இன்னும் வரவில்லை. கூட்டமும் இல்லை. முப்பிடாதி மகளுக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்தாள். முகத்துக்கு நேராக முகம்.

"ஏட்டி மகா. பசிக்கா?"

மகா கண்ணை அகல விரித்தாள். சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். பிறகு மெதுவாகத் தமிழில் கேட்டாள்.

"அம்மா, கோவம் போயிருச்சா?"

"என்ன கோவம்?"

"நீ என்கூட பேச மாட்டேன்னு இருந்தேல்லா, அந்தக் கோவம்."

இத்தனை மாதமும் பிள்ளை அப்படித்தான் நினைத்திருக்கிறாள். தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக. அம்மாவும் அப்பாவும் தனக்குத் தண்டனையாக வேற்று ஆட்கள் மாதிரிப் பேசுவதாக.

முப்பிடாதிக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம் வந்தது. அது படகேறியும் தணியவில்லை. மட்டாஞ்சேரியில் இறங்கியும் தணியவில்லை.

இசக்கிராஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.  "நாம வளத்த பிள்ளைக்கு நம்ம வாயாலேயே பூட்டு போட்டிருக்கோம்ளா" என்றான்.

"நாம போட்டதா? போடச் சொன்னது யாரு?"

கமலாக்ஷி டீச்சர் ஆஸ்பத்திரிக் காகிதத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். நாற்பது பிள்ளைகள் உட்காரும் வகுப்பை ஒருத்திக்காக மாற்ற முடியாதாம். ஜன்னலைச் சாத்தினால் மற்றவர்களுக்குப் புழுங்குமாம். வெள்ளிக்கிழமை வகுப்பிலேயே பெற்றோர் கூட்டம் இருக்கிறது, டி.சி. விஷயத்தை அங்கே பேசி முடித்துவிடலாமாம்.

வெள்ளிக்கிழமை மகாவையும் கூட்டிக்கொண்டு இருவரும் போனார்கள். அவரவர் பிள்ளையின் இடத்தில் உட்காரச் சொன்னார்கள். மகாவின் இடம் கடைசி பெஞ்ச், ஜன்னலோரம். கீழே பஜார் ரோட்டில் அரிசி லாரி ஒன்று பின்னால் வந்துகொண்டிருந்தது. டிரைவர் ஹார்னிலிருந்து கையை எடுக்கவில்லை. சுமைக்காரர்கள் ஆளுக்கு ஆள் கத்தினார்கள். தலைக்கு மேலே ஃபேன் கடகடவென்று ஆடியது. முன் பெஞ்சுகளில் பெற்றோர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். தூரத்தில் போர்டு அருகே கமலாக்ஷி டீச்சரின் வாய் அசைந்தது.

முப்பிடாதிக்கு ஒரு வரிகூட உருப்படியாகக் கேட்கவில்லை. நல்ல காது உள்ளவள். ஜூன் மாதத்திலிருந்து இந்த இடத்தில்தான் தன் பிள்ளையை உட்கார வைத்திருக்கிறார்கள்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தபோதுதான் தன்னைப் பற்றிப் பேச்சு வந்திருக்கிறது என்று தெரிந்தது. "டி.சி." என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது.

எழுந்து நின்றாள். மலையாளத்தைத் தேடவில்லை. தேடும் நிலையிலும் இல்லை.

"எதுக்கு டி.சி.? என் பிள்ளை என்ன களவாண்டாளா? உள்ள ஆள் இருக்கான்னு பாக்காம பூட்டிட்டுப் போனது நீங்க. பூட்டினது சின்ன விஷயம், உள்ள இருந்தது பெரிய குத்தமா? வீட்டுல தமிழ் பேசாதேன்னீங்க. பேசல. பெத்த பிள்ளைகிட்ட ஊமை மாதிரி கெடந்தேன். எந்த டாக்டரைக் கேட்டுச் சொன்னீங்க? எந்தப் புஸ்தகத்துல படிச்சீங்க?"

திருநெல்வேலித் தமிழ், அதுவும் மாதக்கணக்கில் அடைத்து வைத்தது, லாரி ஹார்னுக்கு மேலே சீறிக்கொண்டு போயிற்று.

கமலாக்ஷி டீச்சர் கையைக் காதருகே வைத்துக் குனிந்தார். "ஆங்?"

முப்பிடாதி நிறுத்தவில்லை.

"ஆங்? எந்தா? ஒண்ணும் கேக்கல." டீச்சர் இரண்டு கையையும் ஆட்டினார். "ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்! சஜி, அந்த ஜன்னலைச் சாத்து. ஃபேனை நிறுத்து. ப்ளீஸ், மற்றவங்க யாரும் பேசாதீங்க. நீங்க முன்னால வாங்க. என் முகத்தைப் பாத்து, பதுக்கே, மெதுவா, ஒவ்வொண்ணா பறயூ. இப்படி எல்லாம் சேர்த்துச் சொன்னா எனக்கு எப்படி மனசிலாகும்?"

கதவருகே நின்ற வாட்ச்மேன் சஜி போய் ஜன்னலைச் சாத்தினான். ஃபேன் இரண்டு சுற்று சுற்றி நின்றது. அறை அமைதியாயிற்று.

முப்பிடாதி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து வந்தாள். டீச்சரின் மேஜைக்கு முன்னால் நின்றாள். இப்போது மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசினாள்.

"ஜன்னலைச் சாத்தணும். ஃபேனை நிறுத்தணும். மத்தவங்க பேசக் கூடாது. முன்னால வரணும். முகத்தைப் பாத்து ஒவ்வொண்ணாச் சொல்லணும். இம்புட்டும் உங்களுக்கு வேணும், டீச்சரே. ஒரு நிமிஷத்துல எல்லாம் கெடச்சிருச்சு. யாருக்கும் புழுங்கல. இதையே என் மகளுக்குக் கேட்டேன். அவளுக்கு மட்டும் டி.சி.யா?"

இதைப் புரிந்துகொள்ள யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. முன் பெஞ்சில் ஒரு தாடிக்காரர் தொண்டையைச் செருமினார். கமலாக்ஷி டீச்சரின் முகம் சிவந்தது.

"அப்படியே செஞ்சாலும்..." என்று இழுத்தார். "அந்தக் குட்டி பதில் சொல்லுமா? இத்தனை நாள் சொன்னதில்லையே."

"கேட்டுப் பாருங்க. இப்பக் கேளுங்க."

டீச்சர் கேட்கவில்லை. விஜி டீச்சர்தான் முன்னால் வந்து, மகாவின் உயரத்துக்குக் குனிந்து, மலையாளத்தில் கேட்டாள். "மகா, மழை பெஞ்ச அன்னைக்கு ஏன் எல்லார்கூடவும் இறங்கல?"

மகா அவளுடைய உதட்டைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் எடுத்தது. விஜி காத்திருந்தாள். பிறகு மகா பேசினாள், அங்கிருந்த எந்தப் பிள்ளையும் பேசும் சுத்தமான மலையாளத்தில்.

"மைக்கில சத்தம் வந்துச்சு டீச்சர். என்னன்னு தெரியல. எல்லாரும் கத்திட்டு எழுந்தாங்க. விளையாடப் போறாங்கன்னு நெனச்சேன். படத்துக்குக் கலர் அடிச்சு முடிச்சிட்டுப் பாத்தா யாரும் இல்ல. கதவைத் தட்டினேன். ரொம்ப நேரம் தட்டினேன். யாருக்கும் கேக்கல."

ஜன்னலருகே நின்ற சஜி தலையைக் குனிந்துகொண்டான். விஜி நிமிரவில்லை. "எண்ணிப் பாக்காம இறங்கினது நான்தான்" என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

கமலாக்ஷி டீச்சர் மேஜைமேல் இருந்த காகிதங்களை நேராக்கினார். "சரி. முதல் பெஞ்ச் பற்றிப் பார்க்கலாம்."

"பாக்கலாம் இல்ல டீச்சரே. திங்கக்கிழமை."

"அப்போ என் மகனைப் பின்னால தள்ளுவாங்களா?" என்று ஒரு அம்மா பதறினாள்.

இசக்கிராஜா முதல் முறையாக வாயைத் திறந்தான். "கடைசி பெஞ்சில நான் இப்பத்தான் உக்காந்துட்டு வாரேன் சேச்சி. ஒரு மண்ணும் கேக்கல. உங்க மகனையும் அங்க உக்கார வைக்க விடாதீங்க."

யாரோ சிரித்தார்கள். தாடிக்காரர், "ஜன்னலைச் சாத்தியே வெச்சிரலாமே, என் மகளும் லாரியைத்தான் எண்ணிட்டு இருக்கா" என்றார்.

"டி.சி. விஷயம் இந்த வருஷத்துக்கு விட்டுடலாம்" என்றார் கமலாக்ஷி டீச்சர், யாரையும் பார்க்காமல்.

"எந்த வருஷத்துக்கும்" என்றாள் முப்பிடாதி. "நான் கேக்க மாட்டேன். நீங்க குடுக்கவும் முடியாது. சட்டம் இருக்கு."

மன்னிப்பு என்று ஒரு சொல் டீச்சரிடமிருந்து வரவில்லை. குழந்தையைப் பூட்டியதற்கும் இல்லை, ஒரு வீட்டின் வாயைப் பூட்டியதற்கும் இல்லை. வரும் என்று முப்பிடாதி நிற்கவும் இல்லை. அவளுடைய கோபம் தீரவில்லை. ஒரு ஜன்னலைச் சாத்த வைப்பதற்கு ஒரு தாய் இவ்வளவு கத்த வேண்டியிருக்கிறது என்றால் அது எப்படித் தீரும்?

கீழே இறங்கியதும் இசக்கிராஜா பழக்க தோஷத்தில் மகளைத் தூக்கிக்கொண்டு, "மோளே, எந்தா வேண்டே? அப்பம் உண்டு..." என்று ஆரம்பித்தான்.

மகா அவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அப்பா, ஒனக்கு அது வரல. விட்டுரு."

"அப்ப என்னட்டி வேணும்?"

அரிசி லாரி இன்னும் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. மகா அப்பாவின் காதோடு வாயை வைத்து நீளமாக ஏதோ சொன்னாள். முப்பிடாதிக்குக் கேட்கவில்லை. கேட்கும் தூரத்துக்கு அவள் எட்டி நடந்தாள்.